தரமணியும் ஒரு கிருமியும்

மயிலாப்பூரோ தி.நகரோ அடையாறோ, தொண்டை வலி என்றால் கடையில் நாலு அமாக்சிசிலின் வாங்கிப் போட்டுக்கொண்டு, வலி போனதும் மிச்சத்தை அலமாரியில் வைப்பது நம் ஊர் வழக்கம். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு அந்த மாத்திரை வேலையே செய்யாது என்பது வேறு கதை! இந்த அலட்சியத்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு அத்தியாயம் உண்டு.

2008-ல் டில்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் விசித்திரமான கிருமி ஒன்று கிடைத்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே உடைத்துப்போடும் நொதி அதனிடம் இருந்தது. பெயர் என்டிஎம்-1. 'என்டி' என்றால் நியூ டெல்லி. அந்த நொதிக்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தாவும் என்பதுதான் பயங்கரம்.

இது ஒருவரோடு நிற்கவில்லை என்று காட்டியதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்துக்குப் பங்குண்டு. அங்கே ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அந்த நொதி!

டில்லி கொதித்தது. கிருமியைவிடப் பெயர்தான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. சிகிச்சைக்கு வரும் வெளிநாட்டினர் குறைந்தால் வருமானம் என்னாவது என்ற கவலை. வணிகக் கணக்காகப் பார்த்தால் புரிகிற கவலைதான். ஆனால் கிருமி கணக்குப் பார்ப்பதில்லையே... 2011-ல் லான்செட் ஆசிரியர் பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். பெயர் மட்டும் மாறவில்லை.

2012 ஆகஸ்ட் 24 அன்று டாக்டர் அப்துல் கபூர் முன்னின்று நடத்திய கூட்டத்தில் மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடின. அங்கே பிறந்ததுதான் 'சென்னைப் பிரகடனம்'. எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரேயடியாகச் சீட்டுக்குள் அடைக்க அது சொல்லவில்லை. டாக்டரே இல்லாத கிராமத்தில் அது நடக்காது. முதலில் உயர்ரக மருந்துகளைக் காப்பாற்றுவோம் என்றது. புத்திசாலித்தனமான சமரசம்!

2014 மார்ச் 1 முதல் ஹெச்1 பட்டியல் அமலுக்கு வந்தது. 46 மருந்துகள். டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலின் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அது பழைய ஹெச் பட்டியலைச் சேர்ந்தது. அதற்கும் சட்டப்படி டாக்டர் சீட்டு கட்டாயம்தான்.