ஆவடியில் உருவான அர்ஜுன்: ஒரு ப்ராஜெக்ட், ஒரு தலைமுறையின் உத்தியோகம்

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்றதும் இன்று பலருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அம்பத்தூரில் ஐ.டி. கட்டடங்கள் எழும்புவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பக்கத்து ஊரான ஆவடியில் இந்தியாவின் மிக நீண்ட ப்ராஜெக்ட்களில் ஒன்று தொடங்கிவிட்டது. அதுதான் அர்ஜுன் டாங்கி. ஒரு திட்டம் ஏன் தாமதமாகிறது, அந்தத் தாமதம் அதில் வேலை செய்பவர்களின் வாழ்க்கையை என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அர்ஜுனின் கதையில் பதில் இருக்கிறது.

முதலில் வந்தது விஜயந்தா

1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பெரிய தொழில்களை அரசே முன்னின்று நடத்த வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்த காலம் அது. அதே ஆண்டு பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்தது. உள்ளூர் மக்களுக்கு அது "டாங்க் ஃபேக்டரி". பயிற்சி முடித்து அங்கே வேலை கிடைத்தால், குவார்ட்டர்ஸ், மருத்துவ வசதி, பென்ஷன் என்று வாழ்க்கையே ஒரு நிலைக்கு வந்துவிடும் என்று பெற்றோர்கள் நம்பினார்கள்.

அங்கே முதலில் தயாரான டாங்கி விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1965-ன் கடைசியில் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. இடைவெளி நான்கே ஆண்டுகள்! பின்னர் சுமார் 2,200 விஜயந்தாக்கள் செய்யப்பட்டன.

இந்த வேகத்துக்குக் காரணம் எளிது. டிசைன் விக்கர்ஸுடையது. எஞ்சின் எது, பீரங்கி எது என்பதெல்லாம் முன்பே முடிவானவை. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பொருத்தினார்கள், பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. எப்படிச் செய்வது என்பதை மட்டும் கற்க வேண்டியிருந்தது.

1974: 15.5 கோடி ரூபாய்

அடுத்த டாங்கியை நாமே வடிவமைக்க வேண்டும் என்று முடிவானது. ராணுவம் தன் தேவைகளை 1972-ல் எழுதிக் கொடுத்தது. 1974 மே மாதம் மத்திய அரசு 15.5 கோடி ரூபாய் ஒதுக்கி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. டாங்கி ஆராய்ச்சிக்கென்றே சிவிஆர்டிஇ என்ற ஆய்வகம் 1976-ல் ஆவடியில் தனி அமைப்பானது.

இந்தத் திட்டத்தில் ஆவடி மட்டும் இல்லை. பீரங்கி புனேயில், கவசம் ஐதராபாத்தில், குறிபார்க்கும் கருவிகள் டேராடூனில் உருவாயின. இவை எல்லாவற்றையும் ஒரே வண்டிக்குள் கொண்டுவந்து சேர்ப்பது ஆவடியின் பொறுப்பு.

இப்படிப்பட்ட வேலைகளைத் திட்டமிடுவதற்கான முறைகள் அப்போதே உலகில் இருந்தன. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் 1957-ல் சிபிஎம் முறையையும், அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை தன் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறையையும் உருவாக்கின. இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான். எந்த வேலை முடிந்தால்தான் அடுத்த வேலை தொடங்க முடியும் என்று வரைந்து பார்ப்பது. அதில் மிக நீளமான பாதைதான் திட்டத்தின் மொத்தக் காலத்தை முடிவு செய்கிறது. நம் வீட்டு உதாரணம் சொல்வதானால், மாவு புளிக்காமல் இட்லி ஊற்ற முடியாது. அடுப்பை எவ்வளவு சீக்கிரம் பற்றவைத்தாலும் பயன் இல்லை.

அர்ஜுனில் புளிக்காத மாவு, எஞ்சின். இந்தியாவிலேயே புதிய எஞ்சின் செய்யும் முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கடைசியில் ஜெர்மனியின் எம்டியு நிறுவனத்தின் 1,400 குதிரைத்திறன் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார்கள். கியர் பெட்டியும் ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. எஞ்சின் மாறினால் அதைச் சுற்றியுள்ள எல்லாமே மாற வேண்டும் அல்லவா? இடம், குளிரூட்டும் அமைப்பு, எடை என்று ஒவ்வொன்றையும் மறுபடி கணக்குப் போட வேண்டும்.

இன்னொரு காரணம், தேவைகள் மாறிக்கொண்டே இருந்தது. உலகில் புதிய டாங்கிகள் வர வர, ராணுவத்தின் எதிர்பார்ப்பும் உயர்ந்தது. 1985-ல் தேவைப் பட்டியல் திருத்தப்பட்டது. 40 டன் அளவில் நினைத்த வண்டி 58.5 டன்னில் வந்து நின்றது. விஜயந்தாவில் 105 மி.மீ. பீரங்கி, அர்ஜுனில் 120 மி.மீ. திட்டச் செலவு 1987-ல் 280.8 கோடியாகவும் பின்னர் 305.6 கோடியாகவும் உயர்ந்தது. ராணுவம் கேட்டதில் தவறில்லை, பத்து ஆண்டு பழைய டாங்கியோடு யாரும் போருக்குப் போக விரும்ப மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் முடிவுத் தேதியைத் தள்ளியது. தேதி தள்ளிப்போனதால் மேலும் மாற்றங்கள் தேவைப்பட்டன. இந்தச் சக்கரத்தில் ஒருமுறை சிக்கிய திட்டம் எளிதில் வெளியே வராது.

ஒரு எஞ்சினியரின் கணக்கு

1974-ல் 24 வயதில் இந்த வேலைக்கு வந்த ஒரு எஞ்சினியரைக் கற்பனை செய்து பார்க்கலாம். 1980-களின் நடுவில் மாதிரி வண்டிகள் ஓடத் தொடங்கியபோது அவருக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது. 124 டாங்கிகளுக்கு ஆர்டர் வந்தது 2000-ல். அப்போது வயது 50. முதல் டாங்கிகள் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது 2004-ல். வயது 54. 45 டாங்கிகளோடு ஒரு முழு ரெஜிமெண்ட் அமைந்தது 2009-ல். வயது 59. ராஜஸ்தானில் ரஷ்யாவின் டி-90 டாங்கியோடு அர்ஜுன் போட்டியிட்டு நன்றாகவே செயல்பட்டதாகச் செய்தி வந்தது 2010-ல். அந்த ஆண்டு அவர் ரிடையர் ஆகிறார்.

ஒரே ப்ராஜெக்ட், ஒரு முழு சர்வீஸ்! அரசு வேலை என்பதால் சம்பளம் நிற்கவில்லை, பிரமோஷனும் வந்திருக்கும். ஆனால் தான் செய்த பொருள் பயன்பாட்டுக்கு வருவதைப் பார்க்க அவர் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வேலைப் பாதுகாப்பு வேறு, வேலையின் பலன் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

பாடியில் வேறு விதம்

ஆவடியிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, அம்பத்தூரை அடுத்த பாடியில், 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் லாரிகளுக்கு பிரேக் செய்தது. அதன் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். அங்கே வேலை சிறுசிறு சுற்றுகளாக நடந்தது. திட்டமிடு, செய், சரிபார், திருத்து, பிறகு மறுபடி முதலிலிருந்து. பிழை எங்கே என்பது ஆண்டுகள் கழித்து அல்ல, சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

பிரேக்கையும் டாங்கியையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனால் வேலை தேடும் ஒரு இளைஞனுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஓரிடத்தில் தன் வேலையின் விளைவை உடனே பார்த்துக் கற்கலாம். இன்னோரிடத்தில் யாரும் செய்யாத பெரிய ஒன்றில் பங்கு பெறலாம், ஆனால் பொறுமை வேண்டும்.

நிரந்தரம் என்று நினைத்ததும் இரண்டு இடங்களிலும் மாறிவிட்டது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் தொழில் 2008-ல் தனி நிறுவனமாகப் பிரிந்து பின்னர் வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆவடி டாங்க் ஃபேக்டரி 2021 அக்டோபர் 1 முதல் ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் என்ற அரசு கம்பெனியின் கீழ் வந்தது. போர்டில் உள்ள பெயரை மட்டும் நம்பி வேலையைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இது காட்டுகிறது.

வீணாகப் போகாதது

அப்படியானால் அந்த முப்பது ஆண்டுகள் வீணா? இல்லை. அர்ஜுனுக்காக ஆவடியில் உருவாக்கிய ஹைட்ரோ நியூமாட்டிக் சஸ்பென்ஷன் இன்றும் பேசப்படுகிறது. தேஜஸ் விமானத்தின் கியர் பெட்டி ஒன்றும் சிவிஆர்டிஇ-யில்தான் உருவானது. 72 மேம்பாடுகளோடு வந்த அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிக்கு 2021 செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய் மதிப்பில் 118 வண்டிகளுக்கான ஆர்டர் ஆவடிக்குக் கிடைத்தது. 2024 மார்ச்சில், டாங்கிகளுக்காக இந்தியாவிலேயே செய்த 1,500 குதிரைத்திறன் எஞ்சின் மைசூரில் முதன்முறையாக ஓட்டிப் பார்க்கப்பட்டது. 1974-ல் கைகூடாத அந்த எஞ்சின், சரியாக ஐம்பது ஆண்டு கழித்து உயிர் பெற்றது.

ஆகவே ஒரு வேலையை ஏற்கும் முன் சம்பளத்தோடு வேறு மூன்று கேள்விகளையும் கேட்பது நல்லது. என்ன செய்ய வேண்டும் என்பது முடிவாகிவிட்டதா, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? எந்த ஒரு பாகத்துக்காக மற்ற எல்லோரும் காத்திருக்க நேரும்? திட்டம் பத்து ஆண்டு தள்ளிப்போனாலும், அல்லது நின்றே போனாலும், கையில் மிஞ்சும் திறமை என்ன?

முதல் இரண்டுக்கும் அர்ஜுன் திட்டத்தில் சரியான பதில் இல்லை. மூன்றாவதற்கு இருந்தது. அதனால்தான் ஒரு தலைமுறை ரிடையர் ஆன பிறகும் ஆவடியில் அந்த வேலை நிற்கவில்லை.