நட்பு நரம்பும் பகை நரம்பும்

இரு தந்திகளைச் சட்சமத்திலும் பஞ்சமத்திலும் கூட்டி ஒருங்கே மீட்டினால், ஒலி தெளிந்த நீரெனச் செவியிற் பாயும். ஒன்றைச் சிறிது தளர்த்தினால் அந்நீர் கலங்கிவிடும். இதன் காரணத்தைத் தமிழிசை வரலாற்றோடு பொருத்திக் கணித வழியில் ஆராய்ந்த பெரியார், நமது திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய சுவாமி விபுலானந்தர்.

1892 இல் காரைதீவிற் பிறந்த அவர் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அவர் ஆராயப் புகுந்த பண்டை யாழோ, ஒலி மறைந்துபோன கருவி. அதனைக் கேட்டவர் எவருமிலர். பின் எவ்வாறு அறிவது?

அதற்கு எண்ணே துணை. தந்தியொன்று தன் அதிர்வோடு இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளையும் உடன் எழுப்பும். விநாடிக்கு 100 முறை அதிரும் நரம்பின் மும்மடங்கு 300. 150 முறை அதிரும் நரம்பின் இருமடங்கும் 300. இரண்டும் பொருந்துகின்றன, ஒலி தெளிகின்றது. ஆனால் 100, 106 என நெருங்கி நின்றாலோ விநாடிக்கு ஆறு துடிப்புக்கள் எழுந்து ஒலி நடுங்கும். 1863 இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய உண்மை இது. தாழ்ந்த சுருதியில் அடுத்தடுத்த சுரங்களைச் சேர்த்து மீட்டினால் ஒலி குழம்புவதும், அங்கே அதிர்வுகள் செவியாற் பிரித்தறிய இயலாதவாறு நெருங்கிவிடுவதனாலேயே.

நம் முன்னோர் துடிப்பை எண்ணினாரல்லர். எனினும் இணை, கிளை, நட்பு, பகை என நரம்புகளுக்கு உறவுமுறை வகுத்தனர். எத்துணை அழகிய பெயர்கள்! வீணையைப்போல யாழுக்கு மெட்டுக்கள் இல்லை, சுரத்துக்கொரு நரம்பு. ஆதலின் குரலாகிய சட்சமத்துக்கு இளியாகிய பஞ்சமத்தைச் செவியாற் கூட்டி, அவ்விளிக்கு மற்றோர் இளி கண்டு, இவ்வாறே நரம்புகளை அமைத்தல் இயலும். பன்னிரு முறை சென்றால் ஏழு தானங்களைச் சிறிதே கடந்துவிடுவோம். 128 மடங்குக்குப் பதிலாக ஏறக்குறைய 129.7 மடங்கு. இந்நுண்ணிய மிகுதி, சுருதிக் கணக்கு ஆராய்வோர் அனைவரையும் எதிர்கொள்வது.

யாழின் குரலையே சுவாமிகள் மீட்டுவிட்டார் என்பது மிகையாகும். நரம்பின் பொருளும் பத்தரின் மரமும் தொனியை மாற்றுமன்றோ? மீண்டது அதன் சுருதிக் கணக்கு. அதனை விளக்கும் 'யாழ் நூல்' 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார்.