மனச்சிதைவு இடர் மரபணுக்களும் மூளை வெண்பொருளும்

வெண்பொருள் என்பது மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைக் கற்றைகள். இழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு மிகுந்த மையலின் உறையே இதற்கு வெண்மையையும், சமிக்ஞைகள் கடத்தப்படும் விரைவையும் தருகிறது. மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) இந்தக் கற்றைகளின் ஒழுங்கு குறைகிறது. நீர் மூலக்கூறுகள் பரவும் திசையை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறையில் எனிக்மா எனும் பன்னாட்டு மூளைப்பட ஆய்வுக் கூட்டமைப்பு 2018இல் 1,963 நோயாளரையும் 2,359 நலமுடையோரையும் ஒப்பிட்டது. 25 பகுதிகளில் 20இல் குறைவு தென்பட்டது. முன்மூளைக் கற்றைகளிலும் இரு அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்திலும் அது கூடுதல். ஆனாலும் இவை சராசரி வேறுபாடுகள்தாம். ஒருவரின் படத்தை மட்டும் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியாது.

இந்நோயில் மரபின் பங்கு பெரிது. இரட்டையர் ஆய்வுகள் அதை ஏறத்தாழ 80 சதவீதம் என்கின்றன. 2002இல் ஐஸ்லாந்தில் முதலில் சுட்டப்பட்ட என்.ஆர்.ஜி.1 மரபணு, மையலின் உறை உருவாவதில் பங்குகொள்வது. அதன் ஒரு வகை உடையவர்களிடம் உட்பேழைக் கற்றை மெலிந்திருந்ததாக 2008இல் ஓர் ஆய்வு கூறியது. இத்தகைய தனி மரபணுக் கதைகள் கவர்ச்சியானவை. பின்னர் வந்த பேராய்வுகளில் அவை அவ்வளவாக நிற்கவில்லை. 2022ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆய்வு மரபணுத் தொகுதியில் 287 இடங்களைக் குறித்தது. அவை பெரும்பாலும் சுட்டுவது நரம்பணுக்களையே, உறையை நெய்யும் அணுக்களை அல்ல. ஆகவே வெண்பொருள் மாற்றத்தில் ஒரு பகுதி, நரம்பிழைகளே பிழைபட வளர்ந்ததன் பின்விளைவாக இருக்கலாம். பிரித்தானிய பயோபாங்க் எனும் உடல்நலத் தரவுத்தொகுப்பிலுள்ள ஏறத்தாழ 30,000 பேரின் படங்களில், மரபிடர் கூடியவர்களிடம் பல கற்றைகளில் இழையடர்த்தி சற்றே குறைந்திருந்தது இதனோடு ஒத்துப்போகிறது.

இக்கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பியரிடமிருந்து வந்தவை. அவற்றிலிருந்து எடுக்கும் இடர்மதிப்பு தெற்காசியரிடம் அத்தனை துல்லியமாகப் பொருந்தாது. தமிழர் தரப்பில் முக்கியமானது சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம். மனநல மருத்துவர் மா. சாரதா மேனன் 1984இல் நிறுவிய இது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து தென்னிந்தியர் 3,092 பேரின் மரபுத்தரவுகளை ஆராய்ந்தது. 2019இல் வெளியான முடிவு, எட்டாவது குரோமோசோமிலுள்ள என்.ஏ.பி.ஆர்.டி.1 மரபணுவைச் சுட்டியது. நியாசின் விட்டமினிலிருந்து என்.ஏ.டி. எனும் பொருளை உருவாக்க உதவுவது அது. என்.ஏ.டி. குன்றினால் நரம்பிழைகள் சிதையும் என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்த செய்தி. வெண்பொருளோடு இதற்குள்ள தொடர்பைத் தமிழர் மூளைப்படங்களில் சோதித்துப் பார்ப்பதே அடுத்த வேலை என்பேன்.

மரபிடர் பற்றிய கேள்வி ஆய்வுகளில் மட்டுமல்ல, வீடுகளிலும் எழுகிறது. இலங்கையில் சித்தாண்டி போன்ற மட்டக்களப்பு ஊர்களில், மச்சான்–மச்சாள் கலியாணம் பேசும்போது ‘அந்த வீட்டில் விசர் இருக்கா’ என்ற கேள்வி எழக்கூடும். தாய் தகப்பனில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. இதைக் கலியாணத்துக்கு முன்பே கண்டுசொல்லும் மரபணுச் சோதனையோ ஸ்கேனோ கிடையாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் உலகின் வேறெங்கிலும் நோயை நிர்ணயிப்பது, நோயாளியோடும் வீட்டாரோடும் மருத்துவர் நடத்தும் உரையாடலை வைத்துத்தான்.