எத்தனையாம் பிள்ளை?

திருத்திய தவணைப் பரீட்சை விடைத்தாள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமா? பெற்றோர் கூட்டங்களில் இக்கேள்வி இன்றும் எழுகிறது. புள்ளிகள் யாருக்காக இடப்பட்டன என்ற வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலங்கையில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்குப் பெறுபேற்றைப் பார்த்தே பணம் வழங்கப்பட்டது. பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். அப்புள்ளி அரசாங்கத்துக்கும் பாடசாலை முகாமையாளருக்கும் உரியதாக இருந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபின், கமக்காரர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் மேல்வகுப்புகளின் கதவு திறந்தது. பெற்றோர் கையொப்பமிடும் தேர்ச்சி அறிக்கை வீடுகளுக்குப் பழகிய ஒன்றாயிற்று. ஆனால் அதில் இருந்தவை புள்ளியும் நிலையுமே. "எத்தனையாம் பிள்ளை?" என்பதே வீட்டில் முதற் கேள்வியாயிற்று.

சாதாரண தர, உயர்தர விடைத்தாள்கள் நம் கைக்குத் திரும்பி வருவதில்லை. ஏ, பி, சி, எஸ் போன்ற பெறுபேறுகளே வருகின்றன. இந்தியாவிலோ, பரீட்சை எழுதியவர் தமது திருத்திய விடைத்தாளைப் பார்க்க உரித்துடையவர் என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கு ஒரு தாய் தன் மகளின் பிழையையும் ஆசிரியரின் திருத்தத்தையும் நேரிற் காணக்கூடிய பரீட்சைத் தாள் தவணைத் தாள் ஒன்றுதான்.

வன்னியில் அதற்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. 2009 ஓகஸ்டில், செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்துகொண்டும் நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். இடப்பெயர்வுகளில் தொலைந்த சான்றிதழ்களின் பிரதிகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் பெறமுடிந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து எழுதிய தவணைத் தாள்களுக்கு எங்கும் பிரதி இருக்கவில்லை.

விடைத்தாள் வீட்டுக்குப் போனால் அடி விழும், அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவார்கள் என ஆசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. புள்ளி குறைந்தால் "படித்தது போதும்" என்ற சொல் பெண்பிள்ளையின் காதிலேயே முதலில் விழும். ஆனால் அந்த அடியும் பேச்சும் பெரும்பாலும் நிலையை வைத்தே வருகின்றன. 38 புள்ளி என்ற எண், பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்லிவிடும். விடைத்தாளோ, வழி சரி, கடைசிக் கழித்தலில்தான் பிழை என்று காட்டும். போரின்பின் தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார் பலருக்கு, இடையில் நின்றுபோன படிப்பே உண்டு. அட்சரகணிதம் தெரியாவிட்டாலும், "இதில் ஏன் சிவப்புக் கோடு?" என்று அவர்கள் கேட்கலாம், பிள்ளை விளங்கப்படுத்தலாம்.

எனவே விடைத்தாள் வீட்டுக்குப் போகட்டும், நிலை போகவேண்டியதில்லை. திருத்தும் ஆசிரியர், அடுத்து என்ன படிக்கவேண்டும் என ஒரு வரி எழுதிவிட்டால் இன்னும் நல்லது. எங்கெங்கோ வாழும் பழைய மாணவியரே, ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது பெறாமகளிடமும் மருமகளிடமும் எத்தனையாம் பிள்ளை என்று கேளாதீர்கள். எந்தக் கேள்வி கடினமாயிருந்தது என்று கேளுங்கள்.