வாத்து முங்குகிற நேரம்

"இடியன் துவக்குடன் ஒருவர் கைது" என்ற செய்தி வன்னிப் பக்கமிருந்து அடிக்கடி வரும். வாசிச்சிட்டுக் கடந்து போயிடுவம். மருந்தையும் ஈயச் சன்னத்தையும் குழல் வாயால போட்டு, கம்பியால இடிச்சு இறுக்கிச் சுடுகிற பழைய வகைத் துவக்கு அது. இந்த வகைத் துவக்கின்ர கதையைத் தேடிப் போன நாங்கள், கடைசியில் வந்து நின்றது ஸ்கொட்லாந்தின் ஒரு வாத்து வேட்டையில்.

அலெக்சாண்டர் ஜோன் ஃபோர்சைத் 1768ல் பிறந்தவர். அபர்டீன் பக்கத்துப் பெல்ஹெல்வி என்ற ஊரில், தகப்பனுக்குப் பிறகு அதே திருச்சபையின் போதகர். ஞாயிறில் பிரசங்கம், மற்ற நாட்களில் இரசாயனப் பரிசோதனையும் பறவை வேட்டையும். அந்த வேட்டையில அவருக்கு ஒரு தீராத எரிச்சல் இருந்தது: விசையை இழுத்தவுடனே வாத்துகள் தண்ணிக்குள் முங்கிவிடும்.

காரணம் துவக்கின் அமைப்புத்தான். அந்தக் காலத்துத் துவக்கில் விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி விழும். பொறி குழலுக்கு வெளியே ஒரு சின்னத் தட்டில் இருக்கிற மருந்தைப் பற்றவைக்கும். அந்த நெருப்பு ஒரு துளையால் உள்ளே போன பிறகுதான் உண்மையான வெடி. அதாவது முதலில் வெளிச்சமும் புகையும், அதுக்குப் பிறகுதான் சன்னம். கண்மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் அந்த வெளிச்சத்தைக் கண்ட வாத்துக்கு அது காணும்.

ஃபோர்சைத் முதலில் வெளிச்சத்தை மறைக்க ஒரு மூடி செய்து பார்த்தார். அது குறி பார்க்க இடைஞ்சலாய் இருந்தது. பிறகுதான் அடித்தாலே வெடிக்கிற உப்புகளில் கை வைத்தார். பாதரசத்தில் செய்த அப்படியொரு உப்பைப் பற்றி எட்வர்ட் ஹவார்ட் 1800ல் எழுதியிருந்தார். துளை வாயில் அப்படியான மருந்தைத் துளியளவு வைத்துச் சுத்தியலால் அடித்தால் நெருப்பு நேரே உள்ளே பாயும். வெளியே பொறியும் இல்லை, தட்டும் இல்லை. வாத்துக்கு இனி முன்னறிவிப்பு இல்லை.

1806ல் லண்டன் கோபுரத்தில் இராணுவத்துக்காக இதைச் செய்து பார்க்க அவருக்கு இடம் கொடுத்தார்கள். அடுத்த வருசம் பொறுப்பாளர் மாற, "சாமான்களைத் தூக்கிக்கொண்டு போ" என்கிற கதையாய்ப் போனது. அதே 1807ல் காப்புரிமை எடுத்தார். ஆக, படைக்கு முன்னமே அது வேட்டைக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு மருந்தைச் சின்னச் செப்பு மூடிக்குள் அடைக்கும் முறை வந்தது. சின்ன வயசில விளையாட்டுத் துவக்கில போட்டு வெடிச்ச கேப் இருக்குதெல்லோ, அதே சங்கதிதான்.

இராணுவம் ஆறுதலாகத்தான் விழித்தது. 1834ல் வூலிச்சில் இரண்டு வகைத் துவக்காலும் 6000 வேட்டு வீதம் சுட்டுப் பார்த்தார்கள். கல் துவக்கு 922 தடவை ஏமாற்றியது. புதியது 36 தடவைதான். மழையில் வித்தியாசம் இன்னும் கூட. தட்டில் இருக்கிற மருந்து நனைந்தால் கல் துவக்கு வெறும் இரும்புதான்.

அந்த மழை 1841 மே மாதம் சீனாவில் பெய்தது. முதலாம் அபினிப் போர். கன்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊரில் சனங்கள் ஈட்டியும் மண்வெட்டியுமாய்த் திரண்டு எழும்பினார்கள். கம்பனியின் 37வது சென்னைக் காலாட்படையில் ஒரு பிரிவு வழி பிரிந்து அவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. சிப்பாய்களின் கல் துவக்குகள் நனைந்து, ஒன்றும் வெடிக்கவில்லை. துவக்கு முனைக் கத்தியை நீட்டிக்கொண்டு சதுரமாய் நின்றார்கள். இருட்டின பிறகு அவர்களைத் தேடி வந்து மீட்டது இரண்டு கடற்படைத் துருப்புப் பிரிவுகள். அவர்களின் கையில் இருந்தது மழையிலும் வெடிக்கிற புதுத் துவக்கு.

இந்த இடத்தில்தான் நாங்கள் கனநேரம் நின்று கதைத்தோம். சென்னை மாகாணத்தில் ஆள் சேர்த்த சிப்பாய், தனக்குச் சம்பந்தமே இல்லாத அபினி வியாபாரத்துக்காகச் சீன விவசாயிக்கு முன்னால் நிற்கிறான். அவனுக்குப் பழைய துவக்கு, வெள்ளைக்காரனுக்குப் புதியது. விவசாயியின் பக்கம் நின்றது மழை மட்டும்தான். புதிய துவக்கு அந்த மழையையும் அவனிடமிருந்து பறித்துவிட்டது.

ஃபோர்சைத் 1843ல் இறந்தார். அந்த நேரத்தில்தான் பிரித்தானியப் படை புதிய முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் வரவில்லை. அவர் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார். ஆனாலும் 'வேட்டைக்குத்தானே' என்று தொடங்கின ஒரு திருத்தம் முப்பது நாற்பது வருசத்தில் எங்கே போய் நின்றது என்பதைப் பார்க்க வேணும். பறவை தப்புகிற அந்த ஒரு கணத்தை இல்லாமல் செய்யத்தான் அவர் பாடுபட்டார். அதே கணம் மனிசருக்கும் இல்லாமல் போனது.

அடுத்த முறை இடியன் துவக்குச் செய்தி கண்ணில் பட்டால், நாங்கள் அப்படியே கடந்து போகமாட்டம்.