ஏணி இல்லாத வெற்றி

கால்பந்து பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் நினைவு கல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் மலையாளக் கரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறது. தமிழகத்தின் மேற்கு மூலைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை. ஆயினும், மஞ்சூரை நடுவில் வைத்து ஒரு வட்டம் வரைந்தால் இந்தியக் கால்பந்தின் மூன்று பெரிய வெற்றிகள் அதற்குள் அடங்கிவிடும். இரண்டு, மலைமேல் வெலிங்டனில் இருந்த ராணுவ அணிக்கு உரியவை. மற்றொன்று, மலையடிவாரத்துக்கு அப்பால் கோவையில் ஆடிய ஒரு கழகத்துக்கு உரியது. இம்மூன்றும் இன்று நம்மிடையே அரிதாகவே பேசப்படுகின்றன. அது ஏன் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் வெலிங்டன். 1888-ல் சிம்லாவில் தொடங்கிய டியூராண்ட் கோப்பை, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளில் அதை வென்றவர்களின் வரிசையில் ஹைதராபாத் சிட்டி போலீஸ், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கிடையே 1955-லும் 1958-லும் வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் பெயர் இருக்கிறது. அந்த அணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ். மெல்பர்ன், ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணியிலும், 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டியின் தங்கத்தை வென்ற அணியிலும் இடம்பெற்றவர் அவர். ஆனால் ராணுவ அணிக்குத் தனியாக ஓர் ஊர் கிடையாது. வீரர்கள் எங்கிருந்தோ வருகிறார்கள். பணிமாற்றம் அவர்களை எங்கோ கொண்டுபோகிறது. தங்கராஜும் பின்னர் கல்கத்தாவின் பெரிய கழகங்களுக்கே போய்ச் சேர்ந்தார். கோப்பையில் நீலகிரியின் பெயர் பொறிக்கப்பட்டது. அதைச் சொல்லிச் சொல்லி வளர்க்க ஒரு ரசிகர் கூட்டம் மட்டும் இங்கே உருவாகவில்லை.

இனி கோவை. மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்தப் பாதை கொண்டுபோய்ச் சேர்க்கும் பெருநகரில், நேரு விளையாட்டரங்கைத் தன் தாயக மைதானமாகக் கொண்டு ஆடியது சென்னை சிட்டி எஃப்.சி. 2017-ல் ஐ-லீகில் நுழைந்தபோது அது சென்னையில் ஆடிக்கொண்டிருந்தது; அடுத்த பருவத்தில் கோவைக்கு இடம்பெயர்ந்தது. பெயரில் சென்னை, ஆடுகளம் கோவை. இந்தப் பிளவைச் சிறிய விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

2018-19 பருவத்தில் அந்த அணியின் மீது பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இருக்கவில்லை. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூரைச் சேர்ந்தவர். முன்கள வீரர் பெத்ரோ மான்சி. நடுக்களத்தில் நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ் ஆகிய ஸ்பானியர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜு, மைக்கேல் ரெஜின் ஆகிய நம்மூர்ப் பையன்கள். பந்தைத் தரையோடு வைத்து, சிறு சிறு கைமாற்றங்களால் முன்னேறும் ஆட்டம் அவர்களுடையது. இருபது ஆட்டங்களில் 48 கோல்கள் அடித்தார்கள். அவற்றில் 21 மான்சியுடையவை.

2019 மார்ச் 9 அன்று பருவத்தின் இறுதி ஆட்டம். சென்னை சிட்டி கோவையில் முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவுடன் ஆடியது. சென்னை சிட்டி தவறினால் கோப்பை கல்கத்தாவுக்குப் போய்விடும். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளைக்குப் பின்னர் ஒரு பெனால்டி மூலம் மான்சி சமன் செய்தார். அதன் பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார், இரண்டாவது கூடுதல் நேரத்தில். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்தது. இறுதிப் பட்டியலில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி!

அடுத்த மாதம் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பைப் போட்டி. அங்கே காலிறுதியில் சென்னை சிட்டி, சில வாரங்களுக்கு முன்புதான் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றிருந்த பெங்களூரு அணியை 2-1 என்று வீழ்த்தியது. இந்தியாவின் இரண்டு லீகுகளின் சாம்பியன்கள் நேருக்கு நேர் மோதி, குறைவாக மதிக்கப்பட்ட லீகின் சாம்பியன் வென்றது. அரையிறுதியில் கோவாவிடம் தோற்றாலும், அந்த ஆண்டு தமிழகத்தின் சிறந்த அணி எது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திருக்காது.

ஐயம் வேறோரிடத்தில் இருந்தது. சென்னையின் பெயரைத் தாங்கிய இன்னொரு கழகமான சென்னையின் எஃப்.சி., 2018-ல் ஐ.எஸ்.எல். சாம்பியன். அதே கழகம் 2018-19-ல் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. ஆசியக் கழகக் கோப்பைக்கான தாயக ஆட்டங்களைக்கூட அது அகமதாபாத்தில்தான் ஆடியது. எனினும் அடுத்த ஆண்டும் ஐ.எஸ்.எல்.-இல் அதன் இருக்கை பத்திரமாக இருந்தது. ஐ-லீகின் முதலிடத்துக்கோ மேலே செல்ல வழியே இல்லை. கீழே விழவும் முடியாத, மேலே ஏறவும் முடியாத ஓர் அமைப்பில் வெற்றிக்கும் தோல்விக்கும் என்ன பொருள் இருக்க முடியும்?

ஒப்பீட்டுக்காக, அதே பருவத்தில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்தைப் பார்க்கலாம். முந்தைய ஆண்டு இரண்டாமிடம் பெற்றிருந்ததால், 2018 ஜூலையிலேயே தகுதிச் சுற்றில் தொடங்க வேண்டியிருந்தது அவர்களுக்கு. அங்கிருந்து ஏறி ரியல் மாட்ரிட்டை மாட்ரிட்டிலும் யுவென்டஸை டூரினிலும் வென்று, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதி வரை வந்தார்கள். 2019 மே 8 அன்று ஆம்ஸ்டர்டாமில், கடைசி மூச்சில் டாட்டன்ஹாம் அடித்த கோலில் வீழ்ந்தார்கள். நாட்டின் லீகையும் கோப்பையையும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பருவம் முடிந்ததும் டி லிக்டும் டி யோங்கும் பெருங்கழகங்களுக்குப் போனார்கள். வீரர்கள் போனார்கள், கழகம் நின்றது. 1900-ல் தொடங்கப்பட்டது அது. அதன் ரசிகனுக்கு அந்த இரவின் கண்ணீர்கூட ஒரு சொத்துதான். ஏனெனில் அவனுக்கு அடுத்த பருவம் உண்டு, அதைச் சொல்லிக்கொள்ள அதே அரங்கம் உண்டு.

சென்னை சிட்டிக்கும் ஆசியாவின் கதவு திறந்தது. ஐ-லீக் சாம்பியன் என்ற தகுதியில் 2020 ஜனவரி 14 அன்று ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தொடக்கச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்தைச் சந்தித்தது. 0-1 என்று தோற்றது. அதே மாதத்தில் மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். மார்ச்சில் ஆசியக் கழகக் கோப்பையில் மாலத்தீவின் மாசியாவுடன் 2-2 என்று சமன் செய்தது. அதற்குப் பிறகு கொரோனா வந்தது. போட்டி நின்றுபோய், பின்னர் முற்றாகக் கைவிடப்பட்டது. ஆக, பட்டம் வென்ற கழகத்தின் ஆசியப் பயணம் இரண்டே ஆட்டங்கள்.

2019 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் 26 விழுக்காடு பங்கை வாங்கியபோது பெரிய கனவுகள் பேசப்பட்டன. ஆனால் 2021-22 பருவத்தின் ஐ-லீகில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை.

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்ற திட்டத்தின்படி, 2022-23 பருவத்தின் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.-க்கு ஏறும் உரிமை வழங்கப்பட்டது. இல்லாதிருந்த ஏணி ஒருவழியாகச் சாத்தப்பட்டது. அதில் முதலில் ஏறியது யார்? பெயரும் உரிமையாளரும் மாறியிருந்த அதே பஞ்சாப் அணி. கோவையில் சென்னை சிட்டியிடம் தோற்ற மினர்வாதான் அது. தோற்றவர்கள் காத்திருந்தார்கள், ஏறினார்கள். வென்றவர்கள் அப்போது களத்திலேயே இல்லை.

இதையெல்லாம் நிர்வாகிகளின் குற்றமாக மட்டும் எழுதி முடித்துவிடலாம். நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரு வெற்றி நினைவாக மாறுவது கோப்பை தூக்கப்படும் கணத்தில் அல்ல; அடுத்தடுத்த பருவங்களில் அதே வாயிலில் மக்கள் மீண்டும் கூடி, "அன்றைக்குப் பார்த்தாயா?" என்று கேட்டுக்கொள்ளும்போதுதான். வெலிங்டனின் அணிக்கு அந்த வாயில் அமையவில்லை. கோவையின் அணிக்கு அமைந்தது, நிலைக்கவில்லை. வேறோர் ஊரின் பெயரைச் சூடியிருந்ததால், அது மறைந்தபோது தன் பெயர் மறைந்ததாகக் கோவையும் உணரவில்லை. தன்னுடையது போனதாகச் சென்னையும் உணரவில்லை.

அந்த அணியின் பையன்கள் ஆட்டத்தை விட்டுவிடவில்லை என்பது ஆறுதல். எட்வின் அதே ஆண்டில் சென்னையின் அணிக்கும், ரொமாரியோ அடுத்த ஆண்டில் கோவாவுக்கும் போய் ஐ.எஸ்.எல்.-இல் ஆடினார்கள். கழகத்துக்குக் கிட்டாத ஏணி வீரர்களுக்குத் தனித்தனியே கிடைத்தது. ஆனால் 43 புள்ளிகளை அவர்கள் ஒவ்வொருவராகப் பங்கிட்டு எடுத்துச்செல்ல முடியாது. அவை ஓர் அணியினுடையவை, ஓர் ஊரினுடையவை. 1955, 1958, 2019 என்ற மூன்று ஆண்டுகளையும் நம் வட்டார வரலாற்றை எழுதுவோர் இனியேனும் ஒரே பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். இந்த மலைச்சரிவில் பந்து உதைக்கும் பிள்ளைகள், தங்களுக்கு முன்னே யாரும் வென்றதில்லை என்று நினைத்துக்கொண்டு வளர வேண்டியதில்லை.