இரும்பை ஆபிரிக்காவுக்குக் கொடுத்தது யார்?

இரும்புக் காலம் என்றால் நம்மில் பலருக்கு ஹிட்டைட்டுகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆபிரிக்கா வராது. வெள்ளைக்கார ஆய்வாளர்கள் பலர் நெடுங்காலம் எழுதியதும் அப்படித்தான்: கார்த்தேஜிலிருந்தோ சூடானின் மெரோவேயிலிருந்தோ இந்த வித்தை தெற்கே போயிருக்க வேண்டும், கறுப்பின மக்கள் தாமாகக் கண்டுபிடித்திருக்க முடியாது.

1943இல் நைஜீரியாவின் ஜெமா பகுதியில் வெள்ளீயச் சுரங்கமொன்றில் சுடுமண் தலை ஒன்று கிடைத்தது. எடுத்துப்போனவர் அதைக் கிழங்குத் தோட்டத்து வெருளிக்குத் தலையாக வைத்தார். (இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைமையான வெருளி!) அது பேர்னாட் ஃபாக் என்ற ஆய்வாளரின் கண்ணில் பட்டது. அதைச் செய்த நொக் மக்களின் இடங்களைத் தேடிய அவர், 1960களில் தருகாவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டியெடுத்தார். காலம் கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டளவு.

செம்பு உருக்கிப் பழகாதவர்கள் எப்படி நேரே இரும்புக்குத் தாவினார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. நியாயமான கேள்விதான். இன்னும் பழைய திகதிகளும் சில இடங்களில் கிடைத்துள்ளன. ஆனால் எரித்த மரமே பழையதாக இருந்தால் கரி காட்டும் காலமும் பிழைக்கும். ஆகவே 'உலகில் முதலில் ஆபிரிக்காவே' என்று பரவும் பதிவுகளையும் நாம் அவசரப்பட்டுப் பகிர வேண்டாம்.

வித்தை எங்கிருந்து வந்தாலும், அதை அவர்கள் கையாண்ட விதம் அவர்களுடையது. 1970களில் தன்சானியாவின் ஹாயா முதியவர்களிடம் பீட்டர் ஷ்மிட் என்ற ஆய்வாளர் பழைய உலையைக் கட்டிக் காட்டச் சொன்னார். ஐரோப்பிய மலிவு இரும்பு வந்து அவர்களது தொழில் நின்று பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. நினைவிலிருந்தே கட்டினார்கள். கறையான் புற்று மண்ணால் உலை. அடிக்குழியில் கருக்கிய சதுப்புநிலப் புல். துருத்தியின் களிமண் குழாய்களை உலைக்குள் ஆழமாகச் செருகினார்கள். அதனால் காற்று நெருப்பைத் தொடுமுன்பே சூடேறியது என்றார் ஷ்மிட். எவ்வளவு சூடேறியது என்பதில் மற்றவர்களுக்குச் சந்தேகமுண்டு. ஐரோப்பாவில் காற்றைச் சூடாக்கி ஊதும் முறைக்கு நீல்சன் உரிமம் பெற்றது 1828இல்தான்.

நமது அறிஞர் அல்-இத்ரீஸி 1154இல் முடித்த புவியியல் நூலில் கிழக்காபிரிக்காவின் சொபாலா இரும்பைப் பற்றி எழுதியிருக்கிறார். வணிகர்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்றார்களாம். உலகமே புகழ்ந்த இந்திய வாள்களில் எத்தனை அந்த இரும்பில் அடித்தவையோ!